பொதுக் கரைப்பான்

எழுபத்திரண்டு மணி நேரம் கரைப்பானில் ஊறிய பிறகும் துணி கிழியவில்லை. நிறுவனத்தில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள்.

பொன்மணி தன் பங்கு லட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆய்வுத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். துணி வெள்ளை வெளேரென்று, பதவிசாக, கரைப்பானுக்கு அடியில் படுத்திருந்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். தட்டாவிட்டால் தனியாகத் தெரியும் என்று அவளும் தட்டினாள். லட்டு உதிர்ந்தது. பூந்தி தட்டில் விழுந்துவிடாதபடி இயக்குநர் சபரிநாதன் குறுக்கே பாய்ந்து தன் சட்டையில் வாங்கிக்கொண்டார். ஆராய்ச்சிக்காக அவர் செய்த தியாகங்களில் இது ஒன்று என்று பிறகு ஆண்டறிக்கையில் வந்தது.

தொழில்துறைத் துடைதுணி உயராய்வு நிறுவனம் நாரணாபுரம் சாலையில் இருக்கிறது. ஒரு பக்கம் அச்சகம், மறுபக்கம் பட்டாசுப் பெட்டி ஒட்டும் கம்பெனி. அது எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

ஆப்செட் மிஷினின் ரோலரிலும் ரப்பரிலும் படிந்த மையைத் துடைக்கப் பெட்ரோல் மாதிரி ஒரு திரவம் இருக்கிறது. பிரஸ்காரர்கள் அதை வாஷ் என்பார்கள். அதில் பனியன் வேஸ்ட்டை நனைத்துத் துடைப்பார்கள். பனியன் வேஸ்ட் திருப்பூரிலிருந்து மூட்டை மூட்டையாக வரும். அது நூல் உதிர்க்கும். உதிர்ந்த நூல் ரப்பரில் ஒட்டிக்கொண்டால் அச்சில் அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி விழும். பல காலமாக விழுந்துகொண்டுதான் இருந்தது. முருகன் கன்னத்தில் விழுந்தது. லட்சுமியின் தாமரையில் விழுந்தது. அதற்காக யாரும் நிறுவனம் தொடங்கவில்லை. ஒரு வருஷம், ஒரு பெரிய மனிதரின் பிறந்தநாள் காலண்டரில், அவருடைய மூக்கு நுனியில் விழுந்தது. அடுத்த நிதியாண்டில் நிறுவனம் வந்துவிட்டது. கரைப்பானில் நனைத்தாலும் கிழியாத, நூல் உதிர்க்காத துணியை வடிவமைப்பது அதன் நோக்கம்.

பொன்மணி விருதுநகரில் எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்தவள். எம். புதுப்பட்டிக்காரி. அம்மா அய்யம்மாள் பட்டாசுக் கம்பெனியில் குழாய் சுற்றுகிறாள். அண்ணன் காளீஸ்வரன் விஸ்வநத்தத்தில் ஒரு பிரஸ்ஸில் மிஷின்மேன். பொன்மணிக்கு நாலு பேர் பார்க்கத் தும்முவதற்கும் கூச்சம். தற்காலிக ஆய்வு உதவியாளர் என்று ஆர்டர் வந்தபோது அம்மா கோயிலுக்குப் பொங்கல் வைத்தாள். பட்டாசுக்குப் போகாமல் இந்தப் பிள்ளையும் தப்பித்தது என்பது அவள் கணக்கு.

சேர்ந்த முதல் நாளே பொன்மணி தப்பு செய்தாள். ஒரு கேள்வி கேட்டாள்.

"சார், சால்வென்ட் எங்க வச்சிருக்கீங்க?"

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "உட்காருங்கம்மா. நல்ல கேள்வி. நல்ல கேள்விகளையெல்லாம் இந்த நிறுவனத்துல ஆரம்பத்திலேயே கேட்டு முடிச்சாச்சு. இனிமே யாரும் கேட்க வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்றேன்."

சொன்னார். பட்டாசுப் பகுதி என்பதால் தீப்பிடிக்கும் திரவத்தை வைத்துக்கொள்ள அனுமதி வாங்க வேண்டும். அனுமதி கேட்டு எழுதினார்கள். திரவம் சிந்தினால் துடைப்பதற்குத் தரச்சான்று பெற்ற துணி இருப்பு இருந்தால் மட்டுமே அனுமதி என்று பதில் வந்தது. தரச்சான்று கேட்டு எழுதினார்கள். துணியை அந்தத் திரவத்தில் சோதித்துக் காட்டினால் மட்டுமே சான்று என்று பதில் வந்தது.

"மூணு வருஷம் நாங்க சும்மா இருந்தோம்னு நினைச்சுராதீங்க. ரெண்டு பக்கமும் கடிதம் எழுதிக்கிட்டே இருந்தோம். அப்புறம் ஆட்சிமொழி ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்தார். கோப்புல சால்வென்ட்னு இருந்த இடத்தையெல்லாம் சுழிச்சு, கரைப்பான்னு எழுதுங்கன்னார். அன்னிக்குத்தான் எனக்குக் கண் திறந்தது. தமிழ் திறந்து வச்சதும்மா."

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்து அவள் பக்கம் தள்ளினார். பள்ளிக்கூட அறிவியல் பாடம். பக்கத்தில் ஒரு குழாய், குழாயடியில் ஒரு குடம் வரைந்திருந்தது. கீழே தடித்த எழுத்தில் 'பொதுக் கரைப்பான்' என்று போட்டிருந்தது.

"பொதுன்னா என்ன? எல்லாருக்கும் பொது. பெட்ரோலுக்கும் பொது, தின்னருக்கும் பொது. நான் சொல்லல, பாடநூல் சொல்லுது. இதுக்கு அனுமதி வேண்டாம். தீப்பிடிக்காது. விலையும் மலிவு."

பொன்மணி குடத்தைப் பார்த்தாள், இயக்குநரைப் பார்த்தாள். "சார், இது வந்து..." என்று ஆரம்பித்தாள்.

"அந்தப் பேர் வேண்டாம்" என்று அவர் கையை உயர்த்தினார். "அதுக்கு ஆணையே இருக்கு."

இருந்தது. நிறுவன வளாகத்துக்குள் கரைப்பானைக் கரைப்பான் என்றே குறிப்பிட வேண்டும். வீட்டு வழக்கிலும் தெரு வழக்கிலும் உள்ள பெயர்களால் அழைப்பது ஆய்வின் தரத்துக்கு இழுக்கு. கீழே முத்திரை. அன்று மதியம் சாப்பிடும்போது பொன்மணிக்கு விக்கல் எடுத்தது. டிரைவர் கோட்டைச்சாமி ஓடிப்போய் ஒரு டம்ளர் கரைப்பான் கொண்டுவந்து கொடுத்தார். "மடமடன்னு குடிங்க தாயி, நின்னுரும்" என்றார். நின்றது.

துணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெய்தால் நூல் இருக்கும், நூல் இருந்தால் உதிரும் என்பதால் இயக்குநர் நெசவையே ஒழித்துவிட்டார். இழைகளைப் பரப்பி ஒரு பசையால் ஒட்டி எடுத்த துணி அது. பொதுக் கரைப்பானில் அந்தப் பசை அசையாது. எழுபத்திரண்டு மணி நேரமென்ன, எழுபது வருஷம் போட்டாலும் அசையாது.

அடுத்தது இழை எண்ணும் சோதனை. துணியை ஒரு பெட்டிக்குள் உதறி, விழுகிற இழைகளைக் கண்ணாடியில் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்து எண்ண வேண்டும். தொடங்கி வைக்க நான்கு விருந்தினர்கள் வந்தார்கள். வந்தவர்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர்கள் இயக்குநருக்குப் போர்த்தினார்கள். இயக்குநர் துணை இயக்குநருக்குப் போர்த்தினார். போர்த்தியதைக் கழற்றி மடித்தார்கள். பொன்மணி எண்ணினாள். இழைகள் ஆயிரக்கணக்கில் வந்தன. பாதி ஜரிகை.

அந்த விருந்தினர்களையும் வைத்துக்கொண்டு நிறுவனத்தின் ஆய்வுக் குழு கூடியது. பொன்னாடையை நிறுத்தலாமா என்று பொன்மணி மெதுவாகக் கேட்டாள். ஒரு விருந்தினர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு குழு ஒருமனதாக முடிவெடுத்தது: பொன்னாடையிலிருந்து விழுபவை 'மரியாதை இழை' எனத் தனி இனமாகக் கருதப்படும், மொத்தத்திலிருந்து அவற்றைக் கழித்துவிடலாம். எது மரியாதை இழை, எது துணி இழை என்று எப்படிப் பிரிப்பது? எல்லாமே மரியாதை இழைதான் என்று எடுத்துக்கொண்டார்கள். துணி உதிர்த்தது பூஜ்யம் என்று வந்தது.

உழைப்புச் சோதனைக்குக் கருவி வாங்கப் பணம் வரவில்லை. எதையாவது திரும்பத் திரும்பத் துடைத்தால் போதும் என்பதால், கோட்டைச்சாமி தினமும் இயக்குநரின் காரைத் துடைத்தார். இயக்குநர் மைத்துனரின் காரையும் துடைத்தார், ஒப்பீட்டுக்கு. இரண்டு கார்களும் அறிக்கையில் முழுப்பக்கப் படமாக வந்தன.

சித்திரையில் ஆராய்ச்சி நின்றது. டேங்கர் லாரி வரவில்லை. 'கரைப்பான் பற்றாக்குறையால் ஆய்வுகள் ஒத்திவைப்பு' என்று பலகையில் எழுதிப் போட்டார்கள். லாரி வந்த அன்று தெருப் பெண்கள் குடங்களோடு வாசலில் நின்றார்கள். வேறு பெயர் சொல்லிக் கேட்டால் வாட்ச்மேன், "அது இங்கன இல்லை" என்று கதவைச் சாத்திவிடுவார். அந்தப் பெண்களுக்கு அது பழகிவிட்டது.

"ஏய்யா, ரெண்டு குடம் கரைப்பான் விடுங்கய்யா, உலை வைக்கணும்" என்றாள் முன்னால் நின்ற சொர்ணலட்சுமி.

"தொட்டியில என்ன எழுதியிருக்கு பாத்தியா? 'அபாயம்'. மண்டையோடு போட்டிருக்கு."

"எம்புட்டு அபாயம் இருக்கோ அம்புட்டையும் விடுங்க. வீட்ல பிள்ளைக அபாயம் இல்லாம நாக்கு வறண்டு கெடக்கு."

பொன்மணி உள்ளேயிருந்து சிரித்தாள். பிறகு சிரித்ததற்காக வெட்கப்பட்டாள். பிறகு பின்பக்கக் குழாயைத் திறந்துவிட்டாள். ஆராய்ச்சியில் அவள் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

ஆவணியில் துணிக்குத் தரச்சான்று வந்தது, பின்னாலேயே ஆணையும் வந்தது. காலண்டர் சீசன் தொடங்கும்போது எல்லா அச்சகங்களும் நிறுவனத்தின் துணியை மட்டுமே பயன்படுத்த வேண்டும். பனியன் வேஸ்ட் வைத்திருக்கும் பிரஸ்ஸுக்குச் சீல். பொன்மணி அதை இரண்டு தடவை படித்தாள். மறுநாள் ஒரு துணியைப் பையில் போட்டுக்கொண்டு விஸ்வநத்தம் பிரஸ்ஸுக்குப் போனாள். மதியச் சாப்பாட்டு நேரம். காளீஸ்வரன் மிஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டிருந்தான்.

"வாங்க ஆபீசர் அம்மா. லட்டு குடுத்தாகளாம்ல, அண்ணனுக்கு எங்க?"

"அது உதிந்துபோச்சுண்ணே. இத உன் வாஷ்ல போட்டுப் பாரேன்."

அவன் ஒரு டப்பா மூடியில் வாஷை ஊற்றித் துணியைப் போட்டான். ஊறுகாயை நக்கிக்கொண்டே இரண்டு வாய் சோறு தின்றான். திரும்பிப் பார்த்தபோது மூடியில் துணி இல்லை. வெள்ளையாக, கொழகொழவென்று ஏதோ கிடந்தது. விரலால் தொட்டான். விரலோடு நீளமாக வந்தது.

"ஏ பிள்ள, இது துணியா கூளா?" சிரித்தான். "அம்மா குளாய் சுத்தப் பசை காச்சுவால்ல, அதேதான். புதுப்பட்டிக்குக் கொண்டுபோய்க் குடு, மைதாவாவது மிச்சமாகும்."

பொன்மணி சிரிக்கவில்லை. "இதத்தாண்ணே எல்லாரும் கட்டாயம் வாங்கணும்னு ஆர்டர் போட்டிருக்காக."

அவன் சிரிப்பை நிறுத்தினான். எழுந்து மிஷின் பக்கத்தில் போய் நின்றான். வெறும் கையை ரோலர் மேல் வைப்பதுபோலக் காட்டினான்.

"இங்கன பாரு. ரோலரு மெள்ளமாச் சுத்தும்போதுதான் துடைக்கணும். துணி வளுக்கிக்கிட்டுப் போகணும். இது ஒட்டும். ஒட்டுனா ரெண்டு ரோலருக்கும் நடுவுல இளுக்கும். துணி உள்ள போச்சுன்னா கையும் போவும். வெரல் போனவன் இந்தத் தெருவுலயே இருக்கான், பனியன் வேஸ்ட்டுக்கே. இதுக்கு மணிக்கட்டோட போயிரும்." கையைத் துடைத்துக்கொண்டான். "நீ சொல்லு அவுககிட்ட."

"நானா?"

"பெறகு நானா? என்னய வாசல்லயே விரட்டிருவாக. படிச்சதுக்கு ஒருநாளாவது வாயத் தொற."

திறந்தாள். மூடியில் இருந்த பசையை அப்படியே கொண்டுபோய் இயக்குநர் மேசையில் வைத்து, நடந்ததைச் சொன்னாள். சபரிநாதன் அதைப் பேனா முனையால் கிண்டிப் பார்த்தார்.

"இது யார் சோதனை?"

"எங்க அண்ணன் பிரஸ்ல சார். அவங்க துடைக்கிற திரவத்துல."

"அந்தத் திரவத்துக்குத் தரச்சான்று இருக்கா?"

"இல்ல சார்."

"நம்ம துணிக்கு இருக்கு. தேர்ச்சி பெற்ற ஒண்ணும் தேர்ச்சி பெறாத ஒண்ணும் மோதுச்சுன்னா தப்பு யார் மேல? துணி பாஸ். திரவம் ஃபெயில். நியாயமா அந்தப் பிரஸ்ஸுக்கு நான் நோட்டீஸ் அனுப்பணும்."

"கை போயிரும் சார்."

"கை நம்ம வரம்புக்குள்ள வராதும்மா. துணி வரைக்கும்தான் நம்ம பொறுப்பு. கைக்கு வேற துறை இருக்கு."

பொன்மணி போகவில்லை. அழுதுவிடுவாள் போலிருந்தது. அழுதால் அலுவலகத்தில் பேச்சாகும். அவர் நாற்காலியில் சாய்ந்தார். "சரி. உங்க உணர்வை மதிக்கிறேன். மேம்படுத்திருவோம். குழுவுக்குச் சொல்றேன்."

குழு நான்கு நாள் கதவைச் சாத்திக்கொண்டு கூடியது. இந்த முறை தற்காலிகப் பணியாளர்களுக்கு உள்ளே இடமில்லை. நான்காம் நாள் சாயங்காலம் இயக்குநர் வெளியே வந்து, "மேம்படுத்தியாச்சு" என்றார். பொன்மணி வீட்டுக்குப் போய் அண்ணனிடம், "மாத்திட்டாகண்ணே" என்றாள். காளீஸ்வரன் அம்மாவைப் பார்த்து, "நம்ம பொன்னு பேசி ஒரு ஆபீஸே கேட்டிருச்சுத்தா" என்றான். அய்யம்மாள் மகளுக்கு இன்னொரு மீன் துண்டு வைத்தாள்.

வெளியீட்டு விழாவில் ஒரு தொழிலாளி நேரில் துடைத்துக் காட்ட வேண்டும் என்று முடிவாகியிருந்தது. மிஷினை மேடைக்குக் கொண்டுபோக முடியாது என்பதால் மேடையை மிஷினுக்குக் கொண்டுவந்தார்கள். விஸ்வநத்தம் பிரஸ்ஸுக்குள்ளேயே பந்தல், வாழைமரம், நாதஸ்வரம். பிரஸ் முதலாளி சீலுக்குப் பயந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். துடைத்துக் காட்டுவதற்குக் காளீஸ்வரனின் பெயரைக் கொடுத்திருந்தார்.

சபரிநாதன் முதலில் பேசினார். "இந்தத் துணி உதிர்த்த இழை பூஜ்யம். மரியாதை இழை நீங்கலாக. எழுபத்திரண்டு மணி நேரம் கரைப்பானில் கிடந்தும் தன் குணம் மாறாத துணி இது. நானும் இதே நாற்காலியில் ஒன்பது வருஷமாகக் கிடக்கிறேன். என் குணமும் மாறவில்லை." கைதட்டல்.

சென்னையிலிருந்து வந்த உயரதிகாரி அடுத்துப் பேசினார். "நான் இந்தத் துறைக்கு வந்து பத்து நாள்தான் ஆகிறது. அதுவரை மீன்வளத்தில் இருந்தேன். மீனும் வழுக்குகிறது, ரோலரும் வழுக்குகிறது. ஆக எனக்கு இது புதிய துறை அல்ல. கோப்பை நான் முழுவதும் படிக்கவில்லை. ஆனால் தூக்கிப் பார்த்தேன். நல்ல எடை. அந்த எடையில் உங்கள் உழைப்பு தெரிகிறது." அதற்கும் கைதட்டல்.

துணிப் பொட்டலத்தை ஒரு வெள்ளித்தட்டில் வைத்துப் பொன்மணியிடம் கொடுத்தார்கள். மேலே பச்சையாக ஒரு பட்டை புதிதாக ஒட்டியிருந்தது: 'மேம்படுத்தப்பட்டது'. அவள் பிரித்தாள். துணியை எடுத்தாள். விரல்களுக்கிடையில் தேய்த்தாள். முகர்ந்தாள். அதே துணி. அதே பசை. குழு நான்கு நாள் உட்கார்ந்து மேம்படுத்தியது அந்தப் பட்டையை மட்டும்தான்.

இயக்குநரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் பொன்னாடையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

காளீஸ்வரன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றான். அவள் கையிலிருந்து துணியை வாங்கிக்கொண்டான். "மாத்தினதுதான இது?" என்று குனிந்து கேட்டான். நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனது. பொன்மணி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. அவள் தலையாட்டியதாக நினைத்துக்கொண்டு அவன் திரும்பினான். தங்கச்சி வேலை பார்க்கிற ஆபீஸ், அவள் வாயால் சொன்னது. அவனுக்கு அதற்கு மேல் சான்று வேண்டியதில்லை. தன் வாஷ் கேனைச் சாய்த்துத் துணியை நனைத்தான். பட்டனைத் தட்டினான். ரோலர்கள் மெள்ளச் சுற்ற ஆரம்பித்தன. எல்லோரும் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். அவன் துணியை உள்ளங்கையில் பரப்பி, ரோலரின் மேல் வைத்தான்.

துணியின் ஓரம் நூலாக நீண்டது.

"அண்ணே, கைய எடு!"

தன் குரல்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. வெள்ளித்தட்டு சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டது. அதற்குள் அவள் மிஷினின் சிவப்புப் பட்டனை முழு உடம்பாலும் அழுத்தியிருந்தாள். மிஷின் நின்றது. நாதஸ்வரம் பாதியில் நின்றது. துணியில் பாதி இரண்டு ரோலருக்கும் நடுவில் போயிருந்தது. மீதிப் பாதி காளீஸ்வரனின் உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. விரல் நுனிக்கும் ரோலர் இடுக்குக்கும் நடுவில் ஒரு நகத்தின் அகலம்கூட இல்லை. அவன் கையை உரித்து எடுத்தான். வெள்ளையாக இழுபட்டு வந்தது. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தான்.

"ஏலே," என்றான் மெதுவாக, யாரையும் பார்க்காமல். "இது கூளு தாம்லே."

சபரிநாதன் மைக்கைப் பிடித்தார். "பெரியோர்களே, பயப்பட ஒன்றுமில்லை. துணியில் குறையில்லை. இங்கே பயன்படுத்தப்பட்ட திரவம் நம் அங்கீகாரம் பெறாதது. அத்துடன் இந்தத் தொழிலாளியின் கையும்..."

"இருங்க" என்றார் உயரதிகாரி. சட்டைக் கையில் தெறித்த பசையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். வரவில்லை. அவர் முகம் முதன்முறையாக விஷயத்தில் இறங்கியது. "எழுபத்திரண்டு மணி நேரம் ஊறியது, ஒண்ணும் ஆகலைன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"ஆமாங்கய்யா."

"எதுல ஊறியது?"

"கரைப்பான்லங்கய்யா."

"எந்தக் கரைப்பான்?"

"பொதுக் கரைப்பா..."

"பொதுவாச் சொல்லாதீங்க. பேரைச் சொல்லுங்க."

இயக்குநர் துணை இயக்குநரைப் பார்த்தார். துணை இயக்குநர் பந்தலைப் பார்த்தார். கோட்டைச்சாமி வாசல் பக்கம் நகர்ந்து, காரை எடுக்கலாமா என்று பார்த்தார். ரோலரிலிருந்து பசை ஒரு சொட்டு சொட்டியது.

மைக் இயக்குநர் கையில் தளர்ந்து தொங்கியது. பொன்மணி அதை வாங்கினாள். கூட்டத்தைப் பார்க்கவில்லை, அண்ணனுடைய உள்ளங்கையை மட்டும் பார்த்தாள். பந்தலின் நாலு மூலையிலும் கட்டியிருந்த ஸ்பீக்கர்களிலிருந்து அவள் குரல் வந்தது.

"தண்ணிங்கய்யா. வெறும் தண்ணி."